கடையில சிகரெட் விக்கிறத நிறுத்தலாம்னு இருக்கேன், யாவாரம் அடிபடுமா? (செங்கோட்டை – புளியரை பக்கத்து ஆளுங்க கண்டிப்பா சொல்லுங்க)

பார்டர்_டீக்கடை

நேரா விஷயத்துக்கு வாறேன். செங்கோட்டை பக்கத்துல, கேரளா போற வழியில, பிரானூர் பார்டர்ல டீக்கடையும் பெட்டிக்கடையும் சேத்து நடத்துதேன். காலையில மரக்கடை, ரம்ப மில்லு ஆளுங்க, ராத்திரியில புளியரை செக்போஸ்ட் ஏறுத லாரிக்காரங்க, இதான் நம்ம யாவாரம். டீ கிளாஸ வாங்குன கையோட ஒரு சிகரெட்டும் கேக்காத ஆளு கொஞ்சம்தான். இந்த சிகரெட்டு, பீடி விக்கிறத மொத்தமா நிறுத்திரலாம்னு யோசிக்கேன், வீட்லயும் சரின்னுட்டாங்க.

காரணம் என் அக்கா மவன். கடையில டீ ஆத்துறது அவன்தான், சிகரெட்ட வாயில வச்சதே கிடையாது, ஆனா இருமல் விடவே மாட்டேங்கு, ராத்திரி படுத்தா நெஞ்சுல கீ கீன்னு சத்தம். டாக்டரம்மா மருந்து எழுதுறதுக்கு முன்னாடியே எங்க வேலை பாக்க, சுத்தி யாரும் புகை பிடிக்காங்களான்னுதான் கேட்டாங்களாம். தகர ஷெட்டு, முன்னாடி தார்ப்பாய், சாரல் சீசன்ல எல்லாரும் உள்ள ஒதுங்கி நின்னு இழுப்பாங்க, புகை போக வழியே கிடையாது, அவன் அதுக்குள்ளதான் விடியக்காலையில இருந்து நிக்கான்.

பாக்கெட்டா வித்தா நமக்கு நிக்கிறது சில்லறைதான், ஒத்தை ஒத்தையா விக்கும்போது ஒண்ணு ரெண்டு ரூவா கூட நிக்கும். ஆனா அதுக்கு வர்ற ஆளு டீ, வடை, தண்ணி பாட்டில்னு வாங்குவான், அவன் போயிருவானோன்னுதான் பயம். நிறுத்துன கடைக்காரங்க யாராச்சும் இருக்கீங்களா?

குற்றாலச்_சாரல்

அண்ணாச்சி உங்க மனசு நல்ல மனசு, ஆனா ஒண்ணு யோசிங்க. நீங்க நிறுத்துனா அவன் குடிக்கிறத நிறுத்தப் போறானா? பத்தடி தள்ளி அடுத்த கடையில வாங்குவான், டீயையும் அங்கயே குடிச்சிருவான். உங்களுக்கும் நஷ்டம், ஊருக்கும் ஒரு லாபமும் இல்ல. மருமவன வேற வேலைக்கு மாத்தி விட்டுட்டு கடைய அப்படியே நடத்துங்க, இதான் என் அபிப்ராயம்.

ஹைவே_டிரைவர்

மேல தம்பி சொன்னது பாதி சரி பாதி தப்பு. நான் செங்கல், வைக்கோல், காய்கறி லோடு கொல்லம் வரைக்கும் ஓட்டுறவன், இந்த ரோட்டுல புளியரை எஸ் வளைவுல இருந்து தென்மலை வரைக்கும் எந்தக் கடையில என்ன கிடைக்கும்னு தெரியும். டிரைவர் எதுக்கு வண்டிய ஓரங்கட்டுறான்? லாரி நிறுத்த எடம் இருக்கா, மூஞ்சி கழுவ தண்ணி இருக்கா, டீ சூடா இருக்கா, இத பாத்துதான். சிகரெட்டு அவன் கேபின்ல பாக்கெட்டா கிடக்கும், அதுக்காக உங்க கடைக்கு வரல.

தூக்கம் வராம இருக்கத்தான் இழுக்கோம்னு எல்லா டிரைவரும் சொல்லுவோம், நானும் சொன்னவன்தான். உண்மை என்னன்னா நிக்கோடின் ரத்தத்துல ரெண்டு மணி நேரத்துல பாதியா கொறஞ்சிரும், அப்ப கை தேடும், எரிச்சல் வரும், மண்டை கனக்கும், அடுத்தத பத்த வச்சா அந்த எரிச்சல் அடங்கும். அத தான் நாம சுறுசுறுப்புன்னு நெனச்சிக்கிறோம். அந்த எரிச்சலே சிகரெட்டு குடுத்ததுதான்.

எங்க அய்யா பீடி. கட்டு கட்டா ஊதுவாரு. மொதல்ல நடக்கையில கெண்டைக்கால் பிடிச்சிக்கிடும், கொஞ்சம் நின்னா சரியாயிரும், வயசுன்னு நெனச்சிட்டோம், ஐம்பது கூட தாண்டல. அப்புறம் வலது கால் கட்டைவிரல் நுனி கருத்துப் போச்சு, பாத்தா நெல்லிக்கா அளவுதான் இருக்கும் ஆனா ராத்திரி பூரா கட்டில்ல இருந்து கால கீழ தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு, படுத்தா வலி தாங்காது. டாக்டர் சொன்ன பேரு பர்ஜர் நோய், கை கால்ல இருக்க சின்ன ரத்தக்குழாய் எல்லாம் வீங்கி அடைச்சிக்கிடுமாம், புகையிலைதான் காரணம், நிறுத்துனா மட்டும்தான் நோய் நிக்கும்னாங்க. அவரு நிறுத்தல. விரல எடுத்தாங்க, அப்புறம் பாதத்த எடுத்தாங்க. கொத்தனார் வேலை பாத்த மனுசன், சாரத்துல ஏற முடியாமப் போச்சு, வீட்டுல வருமானம் நின்ன அன்னைக்குதான் நான் படிப்ப விட்டுட்டு கிளீனரா வண்டியில ஏறுனேன்.

மரக்கடை_கணக்கு

நான் இதே பார்டர்ல ஒரு மரக்கடையில கணக்கு எழுதுறேன், அண்ணாச்சி கடைய தாண்டித்தான் தெனமும் போறேன்னு நெனைக்கேன். ரெண்டு விஷயம்.

ஒண்ணு, நம்ம ஏரியாவுல மரத்தூள் எங்க பாத்தாலும் கிடக்கு. காஞ்ச மரத்தூளுக்குள்ள ஒரு துண்டு பீடி விழுந்தா மேல தெரியாது, உள்ள உள்ளயே கனிஞ்சி ராத்திரியில பிடிக்கும். எங்க மில்லுல காம்பவுண்டுக்குள்ள புகை பிடிச்சா அன்னைக்கு வேலை கிடையாதுன்னு ரூல் போட்டிருக்கு, அதனாலதான் ஆளுங்க வெளிய வந்து உங்க கடையில நின்னு பிடிக்காங்க.

ரெண்டு, அட்வான்ஸ் கணக்கு. சனிக்கிழம சம்பளம் வாங்கிட்டு புதன்கிழம அட்வான்ஸ் கேக்க வர்றவங்க பேரு எனக்கு மனப்பாடம், அதுல பெரும்பாலும் புகை பிடிக்கிறவங்கதான். சாதாரண கணக்கு போடுங்க, ஒரு சிகரெட்டு 18 ரூவான்னு வச்சிக்கோங்க, நாளைக்கு 10ன்னா 180, மாசம் 5,400, வருஷத்துக்கு 65,700. மாசம் 18,000 வாங்குற ஆளுக்கு சம்பளத்துல 30 சதவீதம் புகையா போகுது. பையன் காலேஜ் பீஸுக்கு வட்டிக்கு வாங்குறாரு, வட்டி கட்ட அட்வான்ஸ் கேக்குறாரு. இத நேர்ல சொன்னா கோவப்படுவாங்க, அதனால ஒருத்தர் கிட்ட அவரோட அட்வான்ஸ் நோட்டையே திருப்பிக் காட்டுனேன், ஒண்ணும் பேசாம போயிட்டாரு. அடுத்த வாரத்துல இருந்து பாதியா கொறச்சிருக்காரு.

குற்றாலச்_சாரல்

கணக்கு சாருக்கு ஒரு கேள்வி. அந்த 180 ரூவாயில பாதிக்கு மேல கவர்மெண்டுக்கு வரியாத்தானே போகுது? எல்லாரும் விட்டுட்டா அந்த வரிக்கு எங்க போவாங்க, ரோடு எப்படி போடுவாங்க? அதோட கடையம், முக்கூடல், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பூரா பீடி சுத்துறதுல தான் சோறு திங்குது, அவங்கள என்ன செய்றது? நான் கம்பெனிக்காரனுக்காக பேசல, நம்ம ஊரு பொம்பளைங்களுக்காக கேக்கேன்.

மரக்கடை_கணக்கு

கேள்வி நியாயம். வரிய மொத பாப்போம். இந்தியாவுல 35 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு புகையிலையால வர்ற மருத்துவச் செலவு, வேலை இழப்பு, சீக்கிரம் சாகுறதால போற வருமானம் எல்லாம் சேத்து 2017-18ல 1,77,341 கோடி ரூபாய்னு ஒரு ஆய்வு கணக்கு போட்டுச்சு, நாட்டு ஜிடிபியில ஒரு சதவீதத்துக்கு மேல. அதே ஆய்வுல, புகையிலை மேல கலால் வரியா 100 ரூபாய் வந்தா அதுக்கு எதிரா 816 ரூபாய் இழப்புன்னு இருக்கு. நான் கணக்கு எழுதுறவன், 100 வரவுக்கு 816 செலவு காட்டுற யாவாரத்த எந்த மொதலாளியும் ஒரு நாள் வச்சிருக்க மாட்டாரு.

அதுலயும் பாருங்க, வரவு வர்றது கவர்மெண்டுக்கு, செலவுல பெரும்பங்கு போறது வீட்டுக்கு. நகை அடகு, வயல் வித்தது, பொண்ணு படிப்ப நிறுத்துனது, இதெல்லாம் எந்த பட்ஜெட்லயும் வராது.

சிஸ்டர்_தென்காசி

நான் அரசு ஆஸ்பத்திரியில நெஞ்சக நோய் பிரிவுல வேலை பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

சிகரெட்னா எல்லாரும் கேன்சர் மட்டும்தான் நெனைக்கிறாங்க. எங்க வார்டுல நான் அதிகம் பாக்கிறது சிஓபிடி, அதாவது நுரையீரல் அடைப்பு நோய். நுரையீரல்ல குட்டி குட்டி காத்துப் பைகள் கோடிக்கணக்குல இருக்கு, புகை அதோட சுவர அரிச்சி உடைச்சிரும், உடைஞ்ச சுவர் திரும்ப வளராது. மொதல்ல மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும், அப்புறம் குளிக்கும்போது, அப்புறம் வேட்டி மாத்தும்போது. ரெண்டு கையையும் முட்டியில ஊன்றி முன்னால குனிஞ்சி உக்காந்து உதட்ட குவிச்சி மூச்சு விடுறவங்கள பாத்தா நாங்க கேஸ் ஷீட்ட பாக்காமலே சொல்லிடுவோம். பேசும்போது ஒரு வாக்கியத்த முடிக்க முடியாம ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துவாங்க.

அப்புறம் டிபி. 2003ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, சென்னையிலயும் விழுப்புரத்து கிராமங்கள்லயும் 43,000 ஆண்களோட சாவ விசாரிச்சது, இந்தியாவுல டிபியால சாகுற ஆண்கள்ல பாதிப் பேரு சாவுக்கு புகைப்பழக்கம் காரணம்னு அதுல எழுதியிருந்தாங்க. நம்ம தமிழ்நாட்டு ஆளுங்கள வச்சி செஞ்ச ஆய்வு இது. ஹார்ட் அட்டாக், பக்கவாதம், சுகர்காரங்களுக்கு கால் புண்ணு ஆறாதது, எல்லாத்துலயும் இதுக்கு பங்கு இருக்கு.

பீடி பரவாயில்லன்னு சொல்றவங்களுக்கு, பீடி இலையில காத்து புகாது, அணையாம இருக்க அடிக்கடி இழுக்கணும், அதனால தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ள கூடுதலா போகும். 2008ல வந்த இன்னொரு பெரிய இந்திய ஆய்வுல சிகரெட் பிடிக்கிற ஆணுக்கு சராசரியா 10 வருஷம், பீடி பிடிக்கிற ஆணுக்கு 6 வருஷம், பீடி பிடிக்கிற பெண்ணுக்கு 8 வருஷம் ஆயுள் கொறையுதுன்னு கணக்கு.

செலவ பத்தி ஒண்ணு சொல்லணும். காப்பீடு கார்டு இருக்கே, ஆபரேஷன் இலவசம் தானேன்னு சொல்றாங்க. கார்டு ஆபரேஷனுக்கு வரும். கூட இருக்கிற மனைவியோட கூலி போறதுக்கு வருமா? திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரிக்கு நம்ம பக்கத்துல இருந்து எவ்வளவு பேரு போறாங்க, விடியக்காலை பஸ், அங்க லாட்ஜ் வாடகை, சாப்பாடு, ரேடியேஷன்னா வாரக்கணக்கா தங்கணும். ஒரு ஆளுக்கு நோய் வந்தா ரெண்டு ஆளு சம்பளம் நிக்குது. இத யாரும் கணக்குல சேக்கிறதில்ல.

பார்டர் அண்ணன், உங்க அக்கா மகனுக்கு மொதல்ல தார்ப்பாய்க்கு உள்ள புகை பிடிக்கிறத நிறுத்துங்க, விக்கிறத நிறுத்துறது அப்புறம். அடுத்தவங்க புகையில பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாது.

புனலூர்_பாண்டி

நான் பொறந்தது கடையநல்லூர், பொழைக்கிறது கேரளாவுல புனலூர்ல. அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் வித்தியாசம் கண்ணால பாக்கிறவன். பொது இடத்துல புகைக்கிறது அடுத்தவனோட உயிர்வாழும் உரிமைக்கு எதிரானதுன்னு கேரள ஹைகோர்ட் 1999 ஜூலையிலயே தீர்ப்பு சொல்லிருச்சு. நாடு முழுக்க தடை வந்தது 2008 அக்டோபர் 2ல தான். ஒன்பது வருஷம் முன்னாடியே அங்க பஸ் ஸ்டாண்டுல போலீஸ் பிடிச்சி பைன் போட ஆரம்பிச்சாச்சு.

அரசாங்க சர்வே கணக்கு பாருங்க. 2009-10க்கும் 2016-17க்கும் நடுவுல கேரளாவுல புகையிலை பழக்கம் உள்ள பெரியவங்க 21.4 சதவீதத்துல இருந்து 12.7க்கு இறங்கிட்டாங்க. தமிழ்நாட்டுல 16.2ல இருந்து 20க்கு ஏறியிருக்கு. ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு செக்போஸ்ட்டு தான் இருக்கு. எனக்கு இது ரொம்ப வருத்தமா இருக்கு, நம்ம ஆளுங்க வெவரம் தெரியாதவங்க இல்ல.

அங்கயும் முறுக்கான் கடையில, அதான் வெத்தல பாக்குக் கடையில, சிகரெட்டு விக்கத்தான் செய்யுது, நான் இல்லன்னு சொல்லல. ஆனா கடை வாசல்ல நின்னு ஊதுனா பக்கத்துல நிக்கிற ஆளு வெளிய போய் பிடின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுவான். நம்ம ஊர்ல பெரியவரு ஊதுனா நாம மூக்கப் பொத்திக்கிட்டு நகர்ந்துருவோம், வாயத் திறக்க மாட்டோம். இதுதான் மாறணும்.

பீடி_சுத்துத_அக்கா

எல்லாரும் பேசுதீங்க, நானும் சொல்லுதேன். மவ போன்ல, நான் சொல்லச் சொல்ல அவ டைப் அடிக்கா.

கடையம் பக்கத்துல பீடி சுத்துதேன், கல்யாணத்துக்கு முன்னாடியே அம்மாகிட்ட படிச்சது. இலைய தண்ணியில நனச்சி, ராத்திரி சாக்குல சுத்தி வச்சி, காலையில தகட்ட வச்சி வெட்டணும், மடியில சொளவ (முறத்த) வச்சிக்கிட்டு குனிஞ்சி உக்காந்தா பொழுது சாயுறது தெரியாது. ஆயிரம் பீடிக்குத்தான் கூலி. கடையில குடுக்கப் போனா கழிவுன்னு ஒரு பிடிய ஒதுக்குவாவ, அதுக்கு காசு கிடையாது. தூளு மூக்குல ஏறி ஏறி தும்மலும் இருமலும், கை விரல் நுனி காச்சிப் போயி மொபைல்ல ரேகை விழ மாட்டேங்கு, ரேஷன் கடையிலயும் கைரேகை விழாம நாலு தடவை வைக்கச் சொல்லுதாவ. பீடி குடிக்காத எனக்கே பொகையில ஒடம்புக்குள்ள போவுது.

இத நான் பெருமைக்கு செய்யல. வயலு இல்ல, மில்லு இல்ல, வீட்ட விட்டு வெளிய அனுப்ப மாட்டாவ, அதனால செய்யுதோம். என் வயித்துப் பொழப்ப காட்டி சிகரெட்டு நல்லதுன்னு யாரும் சொல்ல வேண்டாம், அந்த தம்பி கேட்டதுக்குத்தான் சொல்லுதேன். கூலி எங்களுக்கு, லாபம் யாருக்குன்னு ஊருக்கே தெரியும். மொதல்ல பீடி மேல நல நிதிக்குன்னு தனியா ஒரு செஸ் பிடிச்சாவ, 2017ல ஜிஎஸ்டி வந்தப்ப அத எடுத்துட்டாவ. பிள்ளைங்க படிப்பு உதவித்தொகை, வீடு கட்ட பணம், ஆஸ்பத்திரி எல்லாம் அந்த நிதியில நடந்தது. வரி கூட்டுங்க, வேண்டாம்னு சொல்லல, அந்தக் காசுல ஒரு தையல் யூனிட்டோ பூ கட்டுற வேலையோ நெல்லிக்கா மாங்கா பதப்படுத்துற கம்பெனியோ எங்க ஊருக்கு கொண்டு வாங்க, நாளைக்கே சொளவ தூக்கி வச்சிருதேன். என் மவ இலை வெட்ட உக்காரக் கூடாது, அவ்வளவுதான்.

குற்றாலச்_சாரல்

அக்கா நீங்க சொன்னதுக்கு மேல நான் என்ன பேச. வரிய பீடித் தொழிலாளிக்கு ஒதுக்கணும்ங்கிறது சரியான பேச்சு, யாராவது மனு எழுதுனா நான் கையெழுத்து போடுறேன். ஆனா அடுத்த கடைக்காரன் விப்பாங்கிறதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

ஹைவே_டிரைவர்

நான் சொல்லுதேன். பழகிப் போனவன் அடுத்த கடைக்குப் போவான், அது சரி. புதுசா ஆரம்பிக்கிற பையன் எங்க ஆரம்பிக்கான்? பாக்கெட்டு வாங்க அவன்கிட்ட காசு இல்ல. ஒத்த சிகரெட்டு, அதுவும் தெரிஞ்ச கடையில, கூட்டாளியோட. பாக்கெட்டுல 85 சதவீத எடத்துக்கு புண்ணு பிடிச்ச தொண்டை படம் போட்டிருக்கு, ஒத்தையா வாங்குறவன் அந்தப் படத்தையே பாக்க மாட்டான். ஒத்தையா விக்கிறத நிறுத்துனாலே அந்தப் பையன் வர்ற கதவ அடச்ச மாதிரிதான். ஸ்கூல், காலேஜ்ல இருந்து 100 கஜத்துக்குள்ள விக்கவே கூடாதுன்னு 2003 சட்டம், 18 வயசுக்கு கீழ குடுத்தா சிறார் சட்டத்துல 7 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. கடைக்காரங்க பாதிப் பேருக்கு இது தெரியாது.

ரம்ப_மில்லு_தம்பி

ரொம்ப நேரமா படிச்சிட்டு இருக்கேன். எனக்கு விடணும்னு ஆசை இருக்கு. ஆனா காலையில ஒரு டீயும் ஒரு சிகரெட்டும் இல்லன்னா வயிறு எளகவே மாட்டேங்குது, விட்டுப் பாத்தா ரெண்டு மூணு நாள்ல மலச்சிக்கல், தலைவலி, வீட்டுல எல்லார் மேலயும் எரிஞ்சி விழுறேன். கடைசியில எங்க வீட்டுக்காரியே போய் ஒண்ணு பிடிச்சிட்டு வாங்கன்னு சொல்லிருதா. இதுக்கு ஏதாச்சும் வழி இருந்தா சொல்லுங்க சிஸ்டர்.

சிஸ்டர்_தென்காசி

தம்பி, நீங்க சொன்னது எல்லாமே உண்மையான அறிகுறி, மனசு பலவீனம்னு நெனைக்காதீங்க. நிக்கோடின் குடலையும் தூண்டும், அது நின்னா குடல் கொஞ்ச நாள் மந்தமாயிரும். மொத ரெண்டு மூணு நாள்தான் உச்சம், ரெண்டுல இருந்து நாலு வாரத்துல பெரும்பாலும் அடங்கிடும். காலையில எழுந்ததும் ரெண்டு டம்ளர் வெந்நீர், ராத்திரி வாழைப்பழம், கீரை, தண்ணி நிறைய. எரிச்சல் வர்ற ஒவ்வொரு அலையும் சில நிமிஷம்தான் நிக்கும், அந்த நேரத்துக்கு எடத்த விட்டு எழுந்து நடங்க.

மெடிக்கல்ல நிக்கோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் கிடைக்கும். அத பபிள்கம் மாதிரி மெல்லக்கூடாது, காரம் தெரியுற வரைக்கும் மெதுவா மென்னுட்டு கன்னத்துல ஒதுக்கி வைக்கணும், திரும்ப மெல்லணும், திரும்ப ஒதுக்கணும். டீ, காபி குடிச்ச கால் மணி நேரத்துக்குள்ள போட்டா வாயில புளிப்பு இருக்கும், மருந்து ஏறாது, நம்ம ஆளுங்க டீயோட போட்டுட்டு கம் வேலை செய்யலன்னு தூக்கிப் போட்டுருவாங்க. நெஞ்சுவலி, ஹார்ட் பிரச்சினை இருந்தா டாக்டர கேட்டுட்டு போடுங்க. தேசிய இலவச நம்பர் 1800-11-2356, பாக்கெட்டுலயே போட்டிருக்கும், கூப்பிட்டா கவுன்சலிங் குடுப்பாங்க.

உங்க வயசு என்னன்னு தெரியல. பிரிட்டிஷ் டாக்டர்கள 1951ல இருந்து 50 வருஷம் பின்தொடர்ந்த ஆய்வுல 30 வயசுல விட்டவங்களுக்கு கிட்டத்தட்ட 10 வருஷ ஆயுள் திரும்ப கிடைச்சது, 40ல விட்டா 9, 50ல விட்டா 6, 60ல விட்டாலும் 3. உங்க வீட்டுக்காரம்மாகிட்ட இந்த நாலு வாரம் மட்டும் பொறுத்துக்கச் சொல்லுங்க, கோவப்பட்டாலும் போய் பிடிச்சிட்டு வாங்கன்னு சொல்ல வேண்டாம்னு நான் சொன்னதா சொல்லுங்க.

பார்டர்_டீக்கடை

எல்லாருக்கும் நன்றி, ஒண்ணு விடாம படிச்சேன். முடிவு இதுதான். தார்ப்பாய்க்கு உள்ள புகை பிடிக்கக்கூடாதுன்னு இன்னைக்கே போர்டு எழுதக் குடுத்தாச்சு, வெளிய நிக்கவும் இடம் ஒதுக்கப் போறதில்ல. ஒத்தை விக்கிறது நாளையில இருந்து கிடையாது, இருக்கிற பாக்கெட்ட ஏஜென்சி ஆளு திரும்ப எடுத்தா எடுக்கட்டும், இல்லன்னா நஷ்டம்னு விட்டுருதேன். அந்த ரேக்குல கடலை மிட்டாய், அதிரசம், சுக்கு காபி பாக்கெட்டு வைக்கப் போறேன். டிரைவர் தம்பி சொன்ன மாதிரி லாரிக்காரங்களுக்கு மூஞ்சி கழுவ ஒரு டேங்கும் குழாயும் வைக்கேன். மரக்கடை கணக்கு சார், நாளைக்கு காலையில கடைக்கு வாங்க, பேசணும்.

பீடி_சுத்துத_அக்கா

சிஸ்டர், ஒரு சந்தேகம். எங்க அத்தைக்கு (மாமியாருக்கு) ரொம்ப நாளா சளியோட இருமல், சாயங்காலம் ஒடம்பு சுடுது, மெலிஞ்சிட்டாவ. அவியளும் வாழ்நாள் பூரா பீடி சுத்துனவ, பல்லுவலிக்குன்னு பொகையில போடுவாவ. எங்க கூட்டிட்டு போவணும்?

சிஸ்டர்_தென்காசி

அக்கா தள்ளிப் போடாதீங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை கொறையுதுன்னா டிபியான்னு பாத்தே ஆகணும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே சளி டெஸ்ட் இலவசம், காலையில எழுந்ததும் வாய் கொப்புளிச்சிட்டு ஆழமா இருமி எடுத்த சளி வேணும், எச்சில் ஆகாது. ஆதார், பாங்க் பாஸ்புக் ரெண்டும் கையில கொண்டு போங்க, டிபின்னு தெரிஞ்சா மருந்தும் இலவசம், சத்தான சாப்பாட்டுக்கு மாசம் 1,000 ரூபாய் கணக்குல வரும். வாய்க்குள்ள வெள்ளையாவோ சிவப்பாவோ ஆறாத புண்ணு இருக்கான்னு டார்ச் அடிச்சி நீங்களே பாத்துட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க. திங்கக்கிழமை கூட்டம் இருக்கும், செவ்வாய்க்கிழமை காலையில போயிருங்க.